நாடி என்றால் எந்த நாடி?

கொக்குவில் வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சொல்லாராய்ச்சியில் எனக்குப் பயிற்சி இல்லை. வீட்டில் நடந்த ஒரு சம்பவம் எழுப்பிய ஐயத்தைத் தமிழும் மருத்துவமும் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற மாசி மாதம் என் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். உடுப்புத் தோய்க்கிற கல்லின் விளிம்பு நாடியில், அதாவது உதட்டுக்குக் கீழே, பட்டுத் தோல் வெடித்து, சட்டை நனையும் அளவுக்கு இரத்தம் ஓடியது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் வந்த என் தம்பி சென்னையில் வேலை செய்பவர். அவர் பதறிப்போய் அங்குள்ள ஒரு மருத்துவமனையின் ஆலோசனை எண்ணை அழைத்து, "அம்மாவுக்கு நாடியில் வெட்டுக்காயம், இரத்தம் நிற்கவில்லை" என்று சொல்லியிருக்கிறார். மறுமுனையில் இருந்தவர் அதை மணிக்கட்டு என்றே எடுத்துக்கொண்டார். கையை உயர்த்திப் பிடியுங்கள், காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுங்கள் என்று அவர் சொன்னதைத் தம்பி அப்படியே எங்களுக்குச் சொல்ல, நாங்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எதைக் கட்டுவது என்று விளங்காமல் நின்றோம். அம்மா அண்மையில் மனவருத்தத்தில் இருந்தாரா என்றும் அவர் தம்பியிடம் கேட்டாராம். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியபோது அம்மா வைத்தியசாலையில் நான்கு இழை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இது நடந்து சில நாள்களில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள் குருதிச் சுற்றோட்டப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். "நாடிகள் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும்" என்று அவள் படித்ததைக் கேட்ட அம்மா, தையல் பிரிக்காத தன் நாடியைத் தடவியபடி, "அதுதான் அவ்வளவு இரத்தம் ஓடினதாக்கும்" என்றார். பின்னர் ஒரு விழாவில் பேசிய அன்பர் ஒருவர், திருவள்ளுவர் நாடி பிடித்து நோயறியும் முறையை ஒரே குறளில் மூன்று தடவை வலியுறுத்தியிருக்கிறார் என்று "நோய்நாடி நோய்முதல் நாடி" என்ற குறளை எடுத்துச் சொன்னார். சபையில் பலத்த கைதட்டல். வீட்டுக்கு வரும் வழியில் மகள், "அப்படியென்றால் வாய்நாடி என்று அதே குறளில் வருவது வாயும் நாடியுமா?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியவில்லை.

மணிக்கட்டில் துடிப்பது, உதட்டுக்குக் கீழே இருப்பது, பாடப்புத்தகத்தில் குருதியைக் கொண்டுசெல்வது, குறளில் வருவது ஆகிய நான்கும் ஒரே சொல்லா? ஒன்றிலிருந்து மற்றது கிளைத்ததா? அந்த அன்பர் சொன்னது சரியா?

நல்லூர் ஓய்வுநிலைத் தமிழாசிரியர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அம்மா நலமடைந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்" என்பது மருந்து அதிகாரத்தில் உள்ள 948ஆம் குறள். இதில் மூன்று முறை வரும் நாடி பெயர்ச்சொல் அன்று. "நாடு" என்ற வினையடியிலிருந்து பிறந்த வினையெச்சம். தேடி, ஆராய்ந்து, தெளிந்து என்பது அதன் பொருள். இதை நிறுவுவதற்கு உரையாசிரியர்களிடம்கூடப் போக வேண்டியதில்லை, குறளின் கட்டமைப்பே போதும். "செயல்" என்ற ஒரே முடிபை நோக்கி மூன்று எச்சங்களும் ஓடுகின்றன: நோயை நாடி, அதன் முதலாகிய காரணத்தை நாடி, அதைத் தணிக்கும் வழியை நாடி, பிறகு பொருந்தச் செய்க. நாடியைக் கைநாடி என்று எடுத்துக்கொண்டால் மூன்று பெயர்கள் வினையின்றி அந்தரத்தில் நிற்கும், வாக்கியம் முடியாது. "வாய்" என்பதும் இங்கே முகத்திலுள்ள வாய் அன்று. வழி, உபாயம் என்ற பொருளது. ஆகவே உங்கள் மகளிடம் சொல்லுங்கள், வாய்நாடி என்பது வாயும் நாடியும் அன்று, வழியைத் தேடி என்பதே. ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் காதுக்கு அது வாயும் நாடியுமாகக் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அவள் சொற்களைக் கவனித்துக் கேட்கிறாள் என்பதற்கு அது அடையாளம்.

வள்ளுவருக்கு இந்த எச்சம் மிகவும் விருப்பமானது. "குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்" என்ற 504ஆம் குறளை 948க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் மூன்று நாடி, முடிவில் ஒரு கட்டளை. ஒருவனை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்கும் நோயாளியைப் பார்க்கும் வைத்தியனுக்கும் வள்ளுவர் ஒரே வாய்பாட்டைக் கொடுத்திருக்கிறார். "நாடொறும் நாடி முறைசெய்யா மன்னவன் நாடொறும் நாடு கெடும்" என்ற 553இல் நாள், நாடுதல், நாடு என்னும் மூன்றையும் ஓசையால் ஒரு கயிற்றில் கோத்திருக்கிறார். இவற்றையெல்லாம் நாடிபிடித்தலாகக் கொள்ள யாரும் துணியமாட்டார்கள். 948 மருந்து அதிகாரத்தில் இருப்பதாலேயே மயக்கம் வருகிறது.

சித்தர் பாடலிலும் இதே நிலைதான். சிவவாக்கியர் "ஓடி ஓடி ஓடி ஓடி உட்கலந்த சோதியை நாடி நாடி நாடி நாடி நாட்களும் கழிந்துபோய்" என்று பாடும்போது, சித்தர் என்பதற்காக அங்கே கைநாடியைத் தேடினால் பாட்டின் உயிரே போய்விடும். வைணவத்தில் நம்மாழ்வார் "எங்கும் நாடிநாடி நரசிங்கா என்று" வாடும் பெண்ணைப் பாடியதும் இந்தத் தேடுதலைத்தான். இலக்கியத்தில் நாடி பெரும்பாலும் வினையாகவே நடக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

கைநாடி வேறு சொல். அது வடமொழியில் குழாய், உள்ளீடற்ற தண்டு என்ற பொருளுடைய சொல்லிலிருந்து தமிழுக்கு வந்த பெயர். தமிழில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். முகத்திலுள்ள நாடி மூன்றாவது. இலக்கிய வழக்கில் மோவாய் என்பார்கள், நம்முடைய பேச்சில் அந்தச் சொல் கிடையாது. ஆகவே ஒன்று கிளைத்து நான்கானது என்று கொள்ளாமல், வெவ்வேறு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து சந்தித்தன என்று கொள்வதே பொருத்தம்.

வினையாகிய நாடுதல் ஏட்டுக்குள் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். டெங்குக் காலத்தில் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் "காய்ச்சல் நீடித்தால் உடனடியாக வைத்தியரை நாடவும்" என்று படித்திருப்பீர்கள். அது 948இல் உள்ள அதே வினைதான்.

கைதடியில் படித்த சித்த மருத்துவர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன், எங்கள் துறையிலிருந்து ஒரு சான்றையும் சேர்க்க விரும்புகிறேன். சரகர், சுசுருதர் பெயர்களில் உள்ள பழைய வடமொழி மருத்துவ நூல்களில் மணிக்கட்டில் நாடி பார்த்து நோயைக் கணிக்கும் முறை சொல்லப்படவில்லை. பொதுவாக 13ஆம் அல்லது 14ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சாரங்கதர சங்கிதையில்தான் அது தெளிவாக வருகிறது. வள்ளுவர் 941ஆம் குறளில் "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று வாதம், பித்தம், ஐயம் (கபம்) ஆகிய முக்குற்றத்தைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவற்றைக் கைநாடியில் அறியலாம் என்று எங்கும் சொல்லவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் எங்கள் மருத்துவத்தின் மீதுள்ள அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனால் நாடி பார்க்கும் கலை தன்னளவிலேயே பெரிது. அதற்கு வள்ளுவரிடமிருந்து சாட்சியை வலிந்து வாங்கவேண்டிய தேவை இல்லை.

எங்கள் வழக்கில் நாடி என்பது என்ன என்று சொல்கிறேன். எண்வகைத் தேர்வு என்று நாங்கள் படிக்கும் நோயறிதல் முறைகளில் நாடி முதலாவது; தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகியவை ஏனைய ஏழு. பெருவிரலின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையும் வைத்து முறையே வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றை உணர்கிறோம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது மரபு. உடல் சமநிலையில் இருக்கும்போது வாதம் ஒன்று, பித்தம் அரை, ஐயம் கால் என்ற மாத்திரை அளவில் நடக்கும் என்று நூல்கள் சொல்லும். இந்த "நடக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் பாடல்களில் நாடிக்கு நடை உண்டு. வாதநாடி அன்னத்தையும் கோழியையும் மயிலையும் போல நடக்கும், பித்தநாடி ஆமையையும் அட்டையையும் போல நகரும், ஐயநாடி தவளையையும் பாம்பையும் போலச் செல்லும். வியப்பு என்னவென்றால், சாரங்கதரர் வாதத்துக்கு அட்டையையும் பாம்பையும், பித்தத்துக்குத் தவளையையும், கபத்துக்கு அன்னத்தையும் சொல்கிறார். உயிரினங்கள் ஏறக்குறைய அவையே, இடங்கள் மாறியிருக்கின்றன. மாணவனாக இருந்தபோது இந்த வேறுபாட்டை முதன்முதலில் கண்ட நாளில், விரல் நுனியில் உணர்வதைச் சொல்லில் பிடிப்பது எத்தனை கடினம் என்று விளங்கியது.

ஆனால் சித்த மருத்துவத்தின் நாடி மணிக்கட்டோடு முடிவதில்லை. ஔவைக்குறளில் "நாடி தாரணை" என்றே ஓர் அதிகாரம் உண்டு. "எழுபத்தீ ராயிர நாடி யவற்றுள் முழுபத்து நாடி முதல்" என்று அது சொல்லும் எழுபத்தீராயிரமும் வாயு இயங்கும் பாதைகளே. அவற்றைக் குருதிக்குழாய்கள் என்று கொண்டால் கணக்கும் பொருந்தாது, கருத்தும் பொருந்தாது. நம் வீடுகளில் பிள்ளையார் முன்னால் படிக்கும் விநாயகர் அகவலில் "இடைபிங் கலையின் எழுத்தறி வித்து" என்றும் "சுழுமுனைக் கபாலமும் காட்டி" என்றும் வருவன அந்தப் பத்திலும் தலையான மூன்று நாடிகள். அங்கே நாடி என்ற சொல் இல்லாமலே நாடிகள் பேசப்படுகின்றன.

இன்னும் ஒரு நாடி உண்டு. 24 நிமிடம் கொண்ட நாழிகைக்கும் நாடி என்று பெயர். நாழிகை என்ற சொல்லே அந்தக் குழாய்ச் சொல்லின் வழியில் வந்தது. ஒரு நாழிகைக்கு 360 மூச்சு, 60 நாழிகை கொண்ட ஒரு நாளுக்கு 21,600 மூச்சு என்பது யோக நூல்களின் கணக்கு. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 15 வரும். அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சுவிடுவதாக இன்றைய மருத்துவம் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது. வைத்தீசுவரன்கோயில் நாடிசோதிடத்தின் பெயரை, நாடி வருகிறவர்களுக்கு ஓலை கிடைப்பதால் வந்தது என்று விளக்குவோர் பலர். சோதிடத்தில் காலத்தையும் இராசியையும் நுணுக்கமாகப் பகுக்கும் கூறுக்கு நாடி என்ற பெயர் இருப்பதையே நான் காரணமாகக் கொள்வேன். அங்கும் ஆணுக்கு வலது பெருவிரல் ரேகை, பெண்ணுக்கு இடது என்று எடுப்பதைப் பார்க்கும்போது பரியாரிமாரின், அதாவது நம் நாட்டு வைத்தியர்களின், கைப்பழக்கம் நினைவுக்கு வரும்.

அரச வைத்தியசாலையில் பணிபுரியும் மருத்துவர் எழுதியது:

அக்கா, முதலில் அம்மாவைப் பற்றி ஒரு சொல். விழுந்து நாடியில் அடிபட்டவர்களுக்குத் தோல் காயம் மட்டும் ஆறினால் போதாது. நாடியில் விழும் அடியின் விசை கீழ்த்தாடை எலும்பின் வழியே ஏறி, காதுக்கு முன்னால் உள்ள மூட்டுக்கு அருகில் வெடிப்பை உண்டாக்குவது உண்டு. வாயைத் திறக்கும்போது காதடியில் வலிக்கிறதா, பற்கள் முன்பு பொருந்தியதுபோல் பொருந்துகின்றனவா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஐயமிருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தத் தொலைபேசி உரையாடலில் சொல் சரியாக விளங்கியிருந்தால் அவர்களும் இதையே கேட்டிருப்பார்கள்.

இனி, சொல்லுக்கு வருகிறேன். இலங்கைப் பாடநூல்களில் இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் கலனுக்கு நாடி என்றும், இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் கலனுக்கு நாளம் என்றும் பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவை முறையே தமனி, சிரை. நாம் முடியுருநாடி என்று எழுதுவதை அவர்கள் கரோனரி தமனி என்கிறார்கள். எனவே தமிழ்நாட்டில் ஒரு மருத்துவர் நாடி என்று கேட்டால் அவருக்கு நினைவு வருவது குழாய் அன்று, துடிப்புத்தான். துடிப்பு என்றால் மணிக்கட்டு. உங்கள் தம்பி சொன்னது ஒன்று, கேட்டவருக்கு விளங்கியது இன்னொன்று, உங்கள் மகள் படித்தது மூன்றாவது. மூவரும் சொன்னது நல்ல தமிழ்தான்.

நாடியும் நாளமும் வடமொழியில் ஏறத்தாழ ஒரே பொருளுடையவை, இரண்டும் குழாய்த்தண்டு. கலைச்சொல் ஆக்கியவர்கள் அந்த இரட்டையரைப் பிரித்து ஒன்றைப் போக்குக்கும் மற்றதை வரவுக்கும் வைத்தார்கள். தமனி என்பதோ ஊதுதல் என்ற வினையிலிருந்து வந்தது. இறந்த உடலை அறுத்துப் பார்த்த பழங்காலக் கிரேக்கர்களும் அந்தக் குழாய்கள் வெறுமையாக இருப்பதைக் கண்டு அவற்றில் காற்று ஓடுவதாகவே எண்ணினார்கள். உயிருள்ள உடலில் அவற்றில் இருப்பது குருதி என்று 2ஆம் நூற்றாண்டில் கேலன் காட்டினார். அந்தக் குருதி சுற்றிவருகிறது என்பதை வில்லியம் ஹார்வி வெளியிட்டது 1628இல். சித்த மருத்துவ நண்பர் சொன்ன வாயுப் பாதைகளைப் படித்தபோது, காற்று என்ற எண்ணம் தமனி என்ற சொல்லுக்குள்ளும் உறங்குவதை நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் பிரித்துக் கேட்ட இரண்டு நாடிகள் உடலில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கீழ்த்தாடையின் அடி விளிம்பில், நாடியிலிருந்து காதுப்பக்கமாகப் போகும் வழியில், பல்லைக் கடித்தால் புடைக்கும் தசைக்குச் சற்று முன்னால் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். முகத்துக்குப் போகும் நாடி அங்கே எலும்பைக் கடந்து மேலேறுகிறது, அதன் துடிப்பு விரலுக்குப் படும். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் கை எட்டாத இடத்தில் இருந்தால் மயக்கமருந்து கொடுப்பவர்கள் அங்கே தொட்டுப் பார்ப்பது வழக்கம்.

பயிற்சிகளில் நான் கண்ட ஒரு தடுமாற்றத்தையும் சொல்ல வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் மூச்சுவழியைத் திறப்பதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து நாடியை உயர்த்த வேண்டும். அடுத்த வரியில் கழுத்தில் நாடியைப் பார்க்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னபோது புதிதாக வந்த பிள்ளை ஒருவர் நாடியில் விரலை வைத்துத் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று முதல் ஒன்றை "கீழ்த்தாடை நுனி" என்றும் மற்றதை "நாடித்துடிப்பு" என்றும் முழுதாகச் சொல்லி வருகிறேன்.

நாகர்கோவில் வாசகர் எழுதியது:

குமரி மாவட்டத்திலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் நாங்களும் நாடி என்றுதான் சொல்லுவோம். சென்னையில் படித்த காலத்தில் "நாடியில் பரு வந்திருக்கிறது" என்று மருந்துக்கடையில் சொல்லி நானும் விழித்திருக்கிறேன். ஆகவே இது கடலால் பிரிந்த வேறுபாடு அன்று. உங்கள் தம்பி நாகர்கோவிலுக்குத் தொலைபேசி எடுத்திருந்தால் ஒரு குழப்பமும் வந்திருக்காது.

கொக்குவில் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவர் சொன்னபடி அம்மாவிடம் கேட்டோம். பற்கள் பொருந்துகின்றன, காதடியில் வலி இல்லை. மகள் தாடை விளிம்பில் துடிப்பைக் கண்டுபிடித்து வீட்டில் உள்ள எல்லோருடைய முகத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

பேச்சுவழக்கைப் பற்றி இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அம்மா, "அவன் என்ன நினைக்கிறான் எண்டு நாடி பிடிச்சுப் பார்" என்பார். பேரப்பிள்ளை கோபித்துக்கொண்டால் "நாடியைப் பிடிச்சுக் கேட்டால் சாப்பிடுவான்" என்பார். இரண்டிலும் பிடிப்பது ஒன்றா? மகள் ஒன்றுதான் என்கிறாள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நல்லூர் ஓய்வுநிலைத் தமிழாசிரியர் எழுதியது:

உங்கள் செவி சரியாகச் சொல்கிறது. முதலாவது கைநாடி, இரண்டாவது முகநாடி. அம்மாவின் இரண்டு வாக்கியங்களையும் திரும்பச் சொல்லிப் பாருங்கள். "நாடி பிடித்து" என்பதில் ஐ உருபு இல்லை, "நாடியைப் பிடித்து" என்பதில் இருக்கிறது. பெயரும் வினையும் ஒட்டி ஒரே செயலின் பெயராகிவிட்ட இடத்தில் உருபு உதிர்ந்துவிடும்: நாடி பிடித்தல், நாடி பார்த்தல். அது வைத்தியரின் தொழிலிலிருந்து வந்து, பிறர் மனத்தை அவர் அறியாமல் அறிந்துகொள்ளும் செயலுக்கு ஆகிவந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒன்றைக் கையால் தொடும்போது உருபு ஒட்டிக்கொள்ளும்: நாடியைப் பிடித்து, நாடியைத் தடவி. இது இரும்புவிதி அன்று. "நாடியைப் பிடித்துப் பார்த்தார்" என்று வைத்தியரைப் பற்றியும் சொல்வதுண்டு. ஆனால் குழந்தையைக் கொஞ்சும்போது ஐயை விட்டுவிட்டுப் பேசியவரை நான் கேட்டதில்லை.

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்ற பழமொழியைப் படித்து வளர்ந்த எங்களை வீட்டில் பெரியவர்கள் கண்டித்தது, "நாடிக்குக் கை குடுத்துக்கொண்டு இராதே" என்றுதான். பழமொழியில் கன்னம் நின்றாலும் வாயில் நாடியே வந்தது. இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒரு சொல் ஊருக்கு எத்தனை நெருக்கமானது என்று தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுதியது:

மருத்துவ அறிவித்தல்களை மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். இத்தனை குழப்பம் இருக்கும்போது நாமும் தமனி, சிரை என்று மாறிவிட்டால் என்ன? உலகெங்கும் உள்ள தமிழ் வாசகருக்கு ஒரே சொல் இருந்தால் உயிர்காக்கும் செய்தியில் மயக்கம் வராது அல்லவா?

அரச வைத்தியசாலையில் பணிபுரியும் மருத்துவர் எழுதியது:

உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த காலத்திலிருந்து, இந்த மண்ணில் மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் பழக்கம் ஒன்று வேர்விட்டிருக்கிறது. இன்று உயர்தரத்தில் நாடி, நாளம் என்று படிக்கும் பிள்ளைதான் நாளை என் வாட்டில் தாதியாக நிற்பாள். அவள் அறிந்த சொல்லைப் பறித்துவிட்டு, கிணற்றடியில் விழுந்த அம்மாவுக்கும் தெரியாத, அவளுக்கும் தெரியாத ஒன்றைக் கொடுப்பதால் மயக்கம் தீராது. சென்னை வாசகருக்கு எழுதும்போது தமனி என்று எழுதுங்கள், யாழ்ப்பாணத்து நோயாளிக்கு எழுதும்போது நாடி என்று எழுதி எந்த இடம் என்பதைச் சேருங்கள்: கைநாடி, கழுத்துநாடி, முடியுருநாடி. முகத்தைச் சொல்லவேண்டுமானால் நாடி என்று எழுதி, பக்கத்தில் "உதட்டின் கீழ்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும்.

சாவகச்சேரி வாசகர் எழுதியது:

நான் வைத்தியனும் அல்லன், ஆசிரியனும் அல்லன். இந்த உரையாடலை இரண்டு நாளாக வாசித்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் ஐயா வீட்டில்தான் காலமானார். கடைசி இரவில் ஊர்ப் பரியாரியார் பக்கத்தில் இருந்தார். மூன்று விரலையும் ஐயாவின் கையில் வைத்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாடி ஒடுங்கிப்போச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அம்மாவின் அழுகைக்கு நடுவில் அவரே எழுந்து, வாய் திறந்துகொள்ளாதபடி ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்தெடுத்து, "தம்பி, நாடியைச் சேர்த்துப் பிடி, கட்டவேணும்" என்று என்னிடம் சொன்னார். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஒரே மனிதர், ஒரே குரலில், சில நிமிட இடைவெளியில் சொன்ன இரண்டு நாடியும் எனக்கு மயங்கவில்லை. முதலாவதைக் கேட்டதும் ஐயாவின் கையைப் பார்த்தேன், இரண்டாவதைக் கேட்டதும் முகத்தைப் பிடித்தேன். சவரம் செய்து நான்கு நாளான அந்த நாடியின் முள்முடி இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது.